காரைக்குடி நகராட்சியின் கதை: புள்ளி வரியிலிருந்து சொத்து வரிக்கு

செட்டிநாடு என்றதும் கோழிக் குழம்பு, பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் என்று வரிசையாக நினைவுக்கு வரும். சினிமாக்காரர்களுக்கு இன்னும் சுலபம். ஒரு பெரிய முகப்பு, ஒரு நீளமான பட்டாலை, வெள்ளை வேட்டியில் ஒரு ஜமீன்தார்... படப்பிடிப்பு முடிந்தது!

ஆனால் அந்தப் பெரிய வீடுகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஆயிரம் பேர் சாப்பிட்ட கல்யாணத்தின் எச்சில் இலையை யார் அள்ளினார்கள்? தெருவிளக்கை யார் ஏற்றினார்கள், அதற்கான எண்ணெய்க் காசை யார் கொடுத்தார்கள்? இந்தக் கேள்விகளைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் காரைக்குடிக்கு இன்னொரு வரலாறு இருப்பது தெரியும். அரண்மனை போன்ற வீடுகளைப் பற்றிய வரலாற்றை விட அது கொஞ்சம் அழுக்கானது. ஆனால் சுவாரஸ்யமானது.

முதலில் தண்ணீர். காரைக்குடியைச் சுற்றி ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. செம்புறாங்கல் பூமி, மழையை நம்பிய பூமி. இப்படிப்பட்ட இடத்தில் ஊர் அமைக்க வேண்டுமானால் வானத்திலிருந்து விழுவதை விடாமல் பிடித்தாக வேண்டும். நகரத்தார் இதைக் கணக்குப் போட்டே செய்திருக்கிறார்கள். வீட்டின் ஓட்டுக் கூரை நான்கு பக்கமும் முற்றத்தை நோக்கிச் சரியும். அங்கே விழும் மழைநீரை அண்டாக்களில் பிடிப்பார்கள், கிணற்றுக்கும் விடுவார்கள். மிஞ்சியது தெரு ஓரத்து வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேரும். தெருக்கள் நேர் கோட்டில் இருப்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை, நீர் ஓட்டமும் ஒரு காரணம். செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தபோது வீடுகளோடு சேர்த்து இந்த நீர் அமைப்பும் எடுத்துச் சொல்லப்பட்டது. தமிழ்நாடு அரசு 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கி அவசரச் சட்டம் கொண்டு வந்தது. அதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே கட்டிய வீடுகளில் அது சட்டம் இல்லாமலேயே இருந்தது என்பது ஒரு வேடிக்கை.

சரி, ஊருணி வெட்டவும் தூர் வாரவும் பணம்?

இங்கேதான் புள்ளி வருகிறது. நகரத்தார் சமூகத்தில் திருமணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவன் தனிப் புள்ளி ஆகிவிடுவான். ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு எரியும். ஊர்க் கோவிலிலும் அந்தப் புள்ளி பதிவாகும். பதிவான ஒவ்வொரு புள்ளியும் ஊர்ப் பொதுவுக்குக் கொடுப்பது புள்ளி வரி. அது எல்லோருக்கும் ஒரே அளவு. சொத்துக்கு ஏற்றபடி போடும் ஆஸ்தி வரியும் இருந்தது. வியாபாரத்தில் இத்தனைக்கு இத்தனை என்று தர்மத்துக்கு ஒதுக்கும் மகமை தனி. அதாவது இன்றைய பாஷையில் சொன்னால் தலைவரி, சொத்துவரி, வர்த்தகத்தின் மீதான ஒரு செஸ். இம்மூன்றும் எந்த அரசாங்கச் சட்டமும் இல்லாமல் வசூலாகியிருக்கின்றன. வரி கட்டாதவனுக்கு ஜப்தி நோட்டீஸ் கிடையாது. ஆனால் அவன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கோவிலிலிருந்து மாலை வராது. எது பெரிய தண்டனை என்று செட்டிநாட்டுக்காரர்களைக் கேட்டால் தெரியும்!

கணக்கிலும் அவர்கள் கெட்டிக்காரர்கள். சிட்டை, குறிப்பு, பேரேடு என்று எழுதிக்கொண்டே போய்க் கடைசியில் ஐந்தொகை எடுப்பார்கள். வரவேண்டியது, கொடுக்கவேண்டியது, கையிருப்பு, லாபம், நஷ்டம் எல்லாம் ஒரே பார்வையில் விழும். இன்று பி.காம். மாணவர்கள் பேலன்ஸ் ஷீட் என்று படிப்பதற்கு மிக நெருங்கிய சொந்தக்காரர் இந்த ஐந்தொகை. ரங்கூனில் இருக்கும் கடையின் ஐந்தொகை காரைக்குடிக்கு வந்து சேரும், முதலாளி திண்ணையில் உட்கார்ந்தபடி ஏஜெண்டை மடக்கிக் கேள்வி கேட்பார்.

இந்த ஏற்பாட்டைப் புகழ்ந்து எழுதியவர்கள் நிறைய. பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் புள்ளிக் கணக்கில் பெயர் இல்லாதவர்களும் அதே ஊரில்தான் வாழ்ந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வீடு கட்டிய கொத்தனார், செங்கல் சுமந்தவர், துணி வெளுத்தவர், தெரு பெருக்கியவர், வயலில் இறங்கியவர்... இவர்கள் வரி கொடுக்கவில்லை. அதனால் கேள்வி கேட்கும் இடமும் அவர்களுக்கு இல்லை. ஊருணி தர்மம் என்றால் அது கொடுத்தவரின் மனதைப் பொறுத்தது. யார் இறங்கலாம், யார் கரையில் நிற்க வேண்டும் என்பதையும் ஊர் வழக்கமே தீர்மானித்தது. பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் 1930-31-ல் ஆதிதிராவிடர்கள் மேல் என்னென்ன தடைகள் விதிக்கப்பட்டன என்பதை ஜே.எச். ஹட்டன் பட்டியல் போட்டிருக்கிறார். முதலில் எட்டுத் தடைகள், அடுத்த வருஷம் பதினொன்று. நகை போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே உடுத்தக்கூடாது என்கிற ரகம். காரைக்குடி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது.

சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் 1924-ல் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக் கிணறு குளங்களைப் பயன்படுத்தவும், பொது அலுவலகங்களுக்குள் போகவும் யாருக்கும் தடை இல்லை என்பது அதன் சாரம். அது நிறைவேறியது. மூன்று வருஷம் கழித்து, 1927 மார்ச்சில், இன்றைய மகாராஷ்டிராவில் உள்ள மகாட் என்ற சின்ன ஊரில் டாக்டர் அம்பேத்கர் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். அந்தப் போராட்டத்தின் பின்னணியில் இருந்ததும் ஒரு நகராட்சித் தீர்மானம்தான். குளம் எல்லோருக்கும் பொது என்று மகாட் நகராட்சி ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. முடிவு காகிதத்திலேயே கிடந்ததால் அம்பேத்கர் நேரில் போக வேண்டியிருந்தது. நகராட்சி என்ற ஒன்று இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் இல்லை. தீர்மானம் தானாகத் தண்ணீர் தராது. ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதைச் சொல்லும்.

அதே 1927 செப்டம்பரில் காந்தி செட்டிநாட்டுக்கு வந்தார். காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை என்று ஊர் ஊராகப் போனார். கதருக்கு நிதி திரட்டினார். அவ்வளவு பெரிய வீடுகளில் வெளிநாட்டு மேஜை நாற்காலிகளையும் கண்ணாடிச் சாமான்களையும் அடைத்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் இன்னும் குறைந்த செலவில், இன்னும் அழகாகச் செய்ய முடியுமே என்று கேலியும் செய்தார். தங்கள் வீட்டிலேயே வந்து இருந்துகொண்டு இப்படிச் சொல்கிறவருக்கு நன்கொடையையும் அள்ளிக் கொடுத்தார்கள் செட்டியார்கள்!

காந்தி வந்து போன மறு வருஷம், 1928-ல், காரைக்குடி நகராட்சி ஆனது.

அதற்கான சட்டம் 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம். நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்த காலத்துச் சட்டம் அது. தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்கள், அவர்களுக்கு ஒரு சேர்மன், வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, ஆரம்பப் பள்ளி, அம்மை குத்துவது, சந்தைக்கு வாடகை வாங்குவது எல்லாம் இதற்குள் அடங்கும். ஆனால் ஓட்டு எல்லோருக்கும் இல்லை. வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு. ஆகவே 1928-ல் புள்ளி வரி கொடுத்தவர்களும் நகராட்சிக்கு ஓட்டுப் போட்டவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். பெட்டி மாறியது, சாவி மாறவில்லை. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்பது நாடு விடுதலை அடைந்த பிறகு வந்தது. காரைக்குடியின் பெரிய மாற்றம் 1928 என்று பலரும் எழுதுகிறார்கள். தெரு பெருக்குகிறவரும் ஆச்சியும் ஒரே வரிசையில் நின்ற நாள் அதை விடப் பெரியது.

இருந்தாலும் அந்தக் காலத்துக் காரைக்குடியில் ஊர் விஷயம் பேசும் பழக்கம் பலமாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. இந்து மதாபிமான சங்கம் 1917-ல் தொடங்கியது. பாரதியார் 1919-ல் அங்கே வந்திருக்கிறார். கையில் கோலோடு நிற்கும் அவருடைய புகழ்பெற்ற புகைப்படம் காரைக்குடியில் எடுத்ததுதான். ராய. சொக்கலிங்கத்தின் 'ஊழியன்', சொ. முருகப்பாவின் 'குமரன்' என்று பத்திரிகைகள் நடந்தன. புதுமைப்பித்தன் கூட 'ஊழியன்' பத்திரிகையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். விதவைத் திருமணம், பெண் கல்வி, கல்யாணத்தில் வீண் செலவு என்று அன்றைய சண்டைகள் எல்லாம் பத்திரிகையில் நடந்தன. ராய. சொ. பிற்பாடு காரைக்குடி நகராட்சியின் தலைவராகவும் இருந்தார். பத்திரிகையில் குறை எழுதியவரே குறை கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்தார். இது எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

ரயில் 1930-ல் வந்தது. புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரை வரை பாதை திறந்தார்கள். ஊர் வேகமாக வளர்ந்தது. செக்காலை, முத்துப்பட்டினம், கல்லுக்கட்டி, கழனிவாசல் என்று பகுதிகளின் பெயர்கள் இன்றும் அப்படியே வழங்குகின்றன. ஐந்து விளக்கு என்றால் காரைக்குடிக்காரர்களுக்குக் கட்சிக் கூட்டம் நடக்கும் இடம். ஒரு விளக்கே ஊருக்கு முகவரி ஆகிவிட்டது. தெருவிளக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கிறது பாருங்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பணத்தின் ஊற்று மட்டும் ஊரில் இல்லை. அது பர்மாவில் இருந்தது, மலேயாவில் இருந்தது, இலங்கையில் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்ததும் பர்மா விவசாயிகளால் கடனைத் திருப்ப முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் அவர்களிடம் இருந்தது. 1938-ல் அது 25 சதவீதம். கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் சொத்து கூடியது போலத் தெரியும். உண்மையில் ரொக்கமாக இருந்தது மண்ணாக மாறியிருந்தது. 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும் மண்ணையும் விட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்பினார்கள். 1948-ல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. பிறகு 1960-களில் பர்மாவை விட்டு வெளியேற வேண்டியிருந்த தமிழர்கள் தமிழ்நாடு முழுவதும் குடியேறினார்கள். காரைக்குடியில் இருக்கும் பர்மா காலனி அந்தப் பெயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

பர்மாவில் மூழ்கிய பணத்தின் அதிர்ச்சி காரைக்குடித் தெருவில் தெரிந்தது. ஊருணிக்குத் தூர் வாரியவர்கள் கையைச் சுருக்கிக்கொண்டார்கள். இந்த நேரத்தில்தான் அழகப்பச் செட்டியார் வருகிறார். பக்கத்துக் கோட்டையூரில் 1909-ல் பிறந்தவர். 1947-ல் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். டில்லி, பம்பாய் மாதிரி ஊர்களோடு போட்டி போட வேண்டிய ஒரு ஆய்வகம் ஒரு தனி மனிதரின் கொடையால் ஒரு வறண்ட பூமிக்கு வந்தது. இன்றைய அழகப்பா பல்கலைக்கழகம் 1985-ல் அதே வேரிலிருந்து முளைத்தது. வள்ளல் என்று அவரைச் சொல்வதில் மிகை எதுவும் இல்லை.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். கல்லூரிக்குக் கொடை கிடைக்கும். கோவில் கும்பாபிஷேகத்துக்குக் கிடைக்கும். ஆஸ்பத்திரிக்குக் கூடக் கிடைக்கும். சாக்கடைக்குக் கிடைக்காது! "இன்னார் உபயம்" என்று சாக்கடையில் கல்வெட்டு வைக்க யார் பணம் தருவார்கள்? குப்பை லாரிக்கு டீசல், பம்பு செட்டுக்குக் கரண்ட் பில், துப்புரவுப் பணியாளருக்கு மாதா மாதம் சம்பளம், இவையெல்லாம் தினசரிச் செலவு. ஒரு முறை கொடுத்துவிட்டுப் பெயர் வாங்க முடியாத செலவு. கணக்கியலில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று பிரிப்பார்கள். செட்டிநாட்டுத் தர்மம் முதல் வகையில் கொடி கட்டிப் பறந்தது. இரண்டாவது வகைக்கு வரி ஒன்றுதான் வழி.

காரைக்குடியில் வரி வசூலிப்பது லேசான காரியமும் இல்லை. பெரிய வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்த வீடு என்றால் ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில் இருப்பார். தைப்பூசத்துக்கோ ஒரு சஷ்டியப்த பூர்த்திக்கோ வீட்டைத் திறந்தால் உண்டு. கூரை பெரிது, சதுர அடி பெரிது, ஆனால் உள்ளே வருமானம் இல்லை. அரையாண்டுக்கு ஒரு முறை வரும் சொத்து வரிச் சீட்டு யார் பெயருக்குப் போவது, யார் கட்டுவது, யாரிடம் பங்கு வசூலிப்பது? 2022 ஏப்ரலில் தமிழக அரசு நகர்ப்புறங்களில் சொத்து வரியை உயர்த்தியபோது நகராட்சிகளில் 600 சதுர அடிக்குக் கீழே 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேலே 100 சதவீதம் என்று படி வைத்தது. சின்ன வீட்டுக்காரருக்குச் சலுகை என்ற எண்ணம் நியாயமானதுதான். ஆனால் அளவை வைத்து வசதியைக் கணிக்கும் அந்த அளவுகோல் பாழடைந்த செட்டிநாட்டு வீட்டில் போய் முட்டிக்கொள்கிறது. இடித்துத் தூணையும் கதவையும் விற்றுவிடலாம் என்று நினைக்கிறவருக்கு வரிச் சீட்டும் ஒரு சாக்கு.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் காரைக்குடிக்கு அதிர்ஷ்டம் உண்டு. சம்பை ஊற்று என்று சொல்லும் பகுதியில் நிலத்தடி நீர் அவ்வளவு சுவை. நகராட்சி அங்கே ஆழ்துளைக் கிணறுகள் போட்டு ஊருக்குக் குழாயில் கொடுத்தது. வெளியூரில் ஒரு மடக்குக் குடித்ததும் "எங்க ஊர் தண்ணி மாதிரி வருமா?" என்று கேட்காத காரைக்குடிக்காரரைப் பார்ப்பது அபூர்வம். குழாய் வந்ததும் ஊருணிகள் மறந்து போயின. தேவையில்லாத ஊருணிக்குக் குப்பையும் கழிவு நீரும் போய்ச் சேர்ந்தன. தண்ணீரைப் பிடிப்பதற்காக அமைத்த சரிவு அழுக்கை ஊருணிக்கே கொண்டு போய்ச் சேர்த்தது. வாய்க்கால் ஒன்றுதான், ஓடியதுதான் வேறு.

இப்போது நகராட்சியின் ஆட்சிக்கு வரலாம். 1928-லிருந்து தொடர்ச்சியாகக் கவுன்சில் இருந்தது என்று நினைத்தால் தவறு. தமிழ்நாட்டு நகராட்சிகளில் 1970-களின் நடுவிலிருந்து 1986 வரை தேர்தல் இல்லை. 1986-ல் வந்த கவுன்சில்கள் 1991-ல் முடிந்தன. மறுபடி 1996 வரை தனி அலுவலர்கள். 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்த பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல் கட்டாயம் என்று ஆனது. 1996, 2001, 2006, 2011 என்று ஒழுங்காக நடந்தது. (சேர்மனை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்று மட்டும் ஆட்சிக்கு ஆட்சி விதி மாறிக்கொண்டே இருந்தது.) 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை, இட ஒதுக்கீடு சம்பந்தமான வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரு சில மாதங்களில் நடந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல்! ஐந்து வருஷத்துக்கும் மேல். மொத்தமாகக் கூட்டினால், 1970-களின் நடுவிலிருந்து 2022 வரையிலான காலத்தில் ஏறத்தாழ இருபது வருஷம் தமிழக நகராட்சிகளில் மக்கள் பிரதிநிதி என்று யாரும் இல்லை.

அதனால் என்ன, அதிகாரி திறமையாக நடத்தினால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2000 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகராட்சிகள் பழைய ரொக்கக் கணக்கை விட்டுவிட்டு வணிக நிறுவனங்கள் போல இரட்டைப் பதிவுக் கணக்குக்கு மாறின. இந்தியாவிலேயே முன்னோடி மாநிலங்களில் ஒன்று என்று பெயர் வாங்கின. ஐந்தொகை எழுதிய ஊரின் நகராட்சிக்கு ஐந்தொகை வர 72 வருஷம் ஆனது! இது பெரும்பாலும் அதிகாரிகள் செய்த சாதனைதான். அதை மறுக்க வேண்டியதில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. காரைக்குடியின் சரித்திரத்திலேயே பெரிய நகராட்சி வேலை என்று சொல்லத்தக்க பாதாளச் சாக்கடைத் திட்டம் 2017-ல் தொடங்கியது. நூறு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வேலை. 2011 கணக்குப்படி 1,06,714 பேர் வாழும் ஊரில் தெருத் தெருவாகத் தோண்டினார்கள். பழைய தெருக்கள், குறுகிய சந்துகள், பக்கத்திலேயே குடிநீர்க் குழாய். தோண்டிய ரோட்டை எப்போது மூடுவார்கள், மூடிய பள்ளம் ஏன் மறுபடி உள்வாங்குகிறது, எந்தத் தெரு முதலில், எந்தத் தெரு கடைசியில் என்று ஆயிரம் கேள்விகள். அந்தக் கேள்விகளைக் கேட்க வார்டுக்கு ஒருவர் என்று 36 பேர் இருந்திருக்க வேண்டிய காலத்தில் ஒருவரும் இல்லை. குழி வாசலில் இருந்தது, பதில் சொல்ல வேண்டியவர் அலுவலகத்தில் இருந்தார், நடுவில் ஓட்டுக் கேட்டு வந்தவர் என்று யாருமே கிடையாது. பணமும் பாதிக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லை என்று சொல்லி மத்திய அரசு 14-ஆவது நிதிக்குழு மானியத்தைத் தமிழக உள்ளாட்சிகளுக்கு நிறுத்தி வைத்தது. தேர்தல் நடத்தாததற்கு மக்கள் கட்டிய அபராதம் என்றே அதைச் சொல்லலாம்.

இதற்குள் ஊர் நகராட்சி எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. காரைக்குடியில் வேலை பார்த்துக்கொண்டு, காரைக்குடிப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டு, காரைக்குடி என்றே விலாசம் எழுதிக்கொண்டு, ஆனால் ஊராட்சிக்கு வரி கட்டியவர்கள் ஆயிரக்கணக்கில். இதில் பெரியது சங்கராபுரம் ஊராட்சி. பார்வைக்கு முழுக்க நகரம், கணக்கில் கிராமம். 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்து 2020 ஜனவரியில் ஓட்டு எண்ணியபோது சங்கராபுரம் மாநிலம் முழுக்கச் செய்தியானது. தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட இருவருக்கும் வெற்றிச் சான்றிதழ் கொடுக்கப்பட்டது! தலைவர் யார் என்பதே வழக்காகி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. பக்கத்தில் நகராட்சியில் கவுன்சிலரே இல்லாத நேரம் அது. சாலையின் ஒரு பக்கம் பிரதிநிதி இல்லை, மறுபக்கம் ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர்.

2024-ல் இந்த எல்லைக் கோட்டை அழித்தார்கள். மார்ச்சில் புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலையோடு காரைக்குடியும் மாநகராட்சி ஆகும் என்று அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் தொடங்கி வைத்தார்கள். கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும், சங்கராபுரம், அரியக்குடி, கோவிலூர், இலுப்பைக்குடி போன்ற ஊராட்சிகளும் இதற்குள் வருகின்றன. இவை வெறும் புறநகர் இல்லை. இலுப்பைக்குடி நகரத்தாரின் ஒன்பது கோவில்களில் ஒன்று இருக்கும் ஊர். அரியக்குடி என்றால் சங்கீதக்காரர்கள் ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். கோட்டையூர் அழகப்பரின் ஊர், ரோஜா முத்தையா புத்தகம் சேர்த்த ஊர். கோவிலூரில் வேதாந்த மடம்.

சேர்ந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி இல்லை. இப்படி இணைக்கும் இடங்களில் கிராம மக்கள் சொன்ன காரணம் எளிமையானது. நூறு நாள் வேலைத் திட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டுமே உரியதாக இருந்தது. மாநகராட்சி ஆன மறுநாள் அந்தக் கூலி போய்விடும், வீட்டு வரி ஏறும், தெருவிளக்கும் சாக்கடையும் எப்போது வரும் என்று தெரியாது. ஊருக்கு ஒரு கிராமசபை இருந்தது, தலைவரை வீட்டு வாசலில் பார்த்துக் கேட்க முடிந்தது. மேயரை அப்படிப் பார்க்க முடியுமா என்று அவர்கள் கேட்டால் அதைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. மறுபக்கம், மனை விற்பவர்களுக்கு "மாநகராட்சி எல்லைக்குள்" என்ற ஒரு வரியே போதும், விலை ஏறிவிடும்.

மாநகராட்சி தொடங்கியபோது புதிதாகத் தேர்தல் எதுவும் நடக்கவில்லை. 2022 பிப்ரவரியில் பழைய 36 வார்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே தொடர்ந்தார்கள், நகராட்சித் தலைவரே முதல் மேயர் ஆனார். சங்கராபுரத்துக்காரரோ அரியக்குடிக்காரரோ அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டதில்லை. அவர்கள் 2019-ல் தேர்ந்தெடுத்த ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5-ல் முடிந்துவிட்டது. ஆக, புள்ளிக் கணக்கில் பெயர் இல்லாதவர் போல, வரி கட்டியும் வார்டு இல்லாதவர் என்று ஒரு புது வகை காரைக்குடியில் உருவானது. பழைய கவுன்சிலின் ஐந்து வருஷம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் புது எல்லைக்கு வார்டு பிரிக்க வேண்டும், வாக்காளர் பட்டியல் போட வேண்டும், இட ஒதுக்கீடு முடிவு செய்ய வேண்டும். 2016-ல் தேர்தல் நின்று போனதும் இந்த மாதிரி வேலைகளில்தான்.